பென்சிலில் எழுதிய மகள்கள்

குருக்கள் எங்கள் கடைக்கு வந்தால் செருப்பை வாசலில் விட்டு, கண்ணாடிக் கதவை இரண்டு விரலால் தள்ளி, மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலியாகப் பார்த்து உட்காருவார். அன்று செருப்போடு உள்ளே வந்தார். உட்காரவில்லை. கையில் முந்தின நாள் எங்கள் பிரிண்டரில் எடுத்துக்கொண்டு போன பட்டியல்.

"ஏம்மா, செய்யாறுக்காரர் போயிட்டார், அவர் பேரை எடுங்கோன்னுதானே சொன்னேன்?"

"எடுத்துட்டோமே சாமி."

"எடுத்தேள். அவரோட சேத்து அவர் ஆத்துக்காரி, ரெண்டு பிள்ளை, ரெண்டு மாட்டுப்பொண்ணு, ஒரு பேரன். ஏழு பேரையும் காணும். ஒருத்தர் போனதுக்கு மொத்தக் குடும்பத்தையும் கூடவே அனுப்பி வெச்சுட்டேளே!"

பக்கத்து மேஜையில் மின்னஞ்சல் பார்த்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரப் பெண்மணி திரும்பிப் பார்த்துவிட்டு, பயத்தோடு மறுபடி திரையைப் பார்த்தார்.

அது மாட வீதியை ஒட்டிய சந்தில் இருந்த சின்னக் கடை. முன்பாதி பிரவுசிங் சென்டர், பின்பாதி 'சாஃப்ட்வேர் டிவிஷன்'. நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. உரிமையாளர் வேலூரில் இருந்தார். திருவண்ணாமலையில் நாங்கள் இரண்டு பேர்: நான், எங்கள் புரோகிராமர். நான் அதற்கு முன்னால் ஆறு வருடம் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் பிழை திருத்தியவள். பக்கங்கள் கம்ப்யூட்டருக்குப் போனபோது பிழைகளும் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டன. திருத்துகிறவர்கள் வீட்டுக்குப் போனோம். தட்டச்சு தெரியும் என்பதால் இங்கே வேலை கிடைத்தது. புரோகிராமர் அடி அண்ணாமலைக்காரர், எம்.சி.ஏ. படித்தவர். அவர் வீடு கிரிவலப் பாதையிலேயே இருந்தது. பௌர்ணமியன்று வேலை முடிந்து வீடு போய்ச் சேருவதற்குள், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், பாதி கிரிவலப் புண்ணியம் அவர் கணக்கில் ஏறிவிடும்.

குருக்களிடம் ஒரு நோட்டு இருந்தது. வெளியூர்க் குடும்பங்கள் நானூறுக்கு மேல் அதில் இருந்தன. ஒரு பக்கத்துக்கு ஒரு குடும்பம்: கோத்திரம், முகவரி, ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே நட்சத்திரம். அன்றன்றைக்கு என்ன நட்சத்திரமோ, அந்த நட்சத்திரக்காரர்கள் பெயருக்கெல்லாம் அர்ச்சனை செய்து, விபூதி குங்குமத்தை மடித்து, பெயரும் நட்சத்திரமும் எழுதிய துண்டுச் சீட்டோடு கவரில் போட்டு அனுப்புவார். கண்ணில் புரை வளர ஆரம்பித்ததும் நோட்டு மங்கியது. அதனால்தான் எங்களிடம் வந்தார். தினமும் காலையில் பெரிய எழுத்தில் ஒரு பட்டியல், துண்டுச் சீட்டுகள், கவரில் ஒட்ட முகவரி. அவர் கேட்டது அவ்வளவுதான்.

கேட்காமல் சொன்ன இன்னொன்றும் இருந்தது. அவர் வீட்டுக்கு எதிர் சாரியில் அவருடைய பங்காளி, சித்தப்பா மகன், அதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். அவருக்குக் கண் நன்றாகத் தெரியும்.

"ஒரு ஆத்துக்கு ஒரு மாசம் நம்ம விபூதி போகலேன்னு வெச்சுக்கோங்கோ, அடுத்த மாசம் அங்கே அவன் விபூதி போயிடும். அப்புறம் அந்த ஆத்தை மறந்துட வேண்டியதுதான்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஆகவே எங்கள் வேலை என்ன என்பதில் எங்களுக்குக் குழப்பமே இல்லை. நானூறு குடும்பத்தில் ஒன்றுகூட எதிர் சாரிக்குப் போகக் கூடாது.

நோட்டு முழுவதையும் தட்டியது நான்தான். மூன்று வாரம் ஆனது. சில பெயர்கள் பேனாவிலும் சில பென்சிலிலும் இருந்தன. பேனாவில் மை தீர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆறு வருடம் கமாவுக்கும் அரைப்புள்ளிக்கும் சண்டை போட்டவள், பென்சில் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதை இப்போதே சொல்லி வைப்பது நியாயம்.

புரோகிராமர் அந்தச் சமயம் சென்னையில் பத்து நாள் பயிற்சிக்குப் போய், ஓ.ஆர்.எம். என்ற ஒன்றைக் கற்றுக்கொண்டு திரும்பியிருந்தார். கூடவே தலையணை அளவு ஒரு புத்தகம். "இனிமே டேட்டாபேஸுக்குக் கையால ஒரு வரி எழுதக் கூடாது மேடம். எல்லாத்தையும் அதுவே பாத்துக்கும். நமக்கு வேலை கம்மி" என்றார். எனக்கு அது புரிந்த விதத்தைச் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் வெளிநாட்டுக்காரரும் காய்கறிக்காரம்மாவும் பேசிக்கொள்வது ஆட்டோக்காரர் மூலமாக. வெள்ளைக்காரர் நீளமாக ஏதோ சொல்வார். ஆட்டோக்காரர் அம்மாவிடம், "ரெண்டு கிலோ தக்காளி, நசுங்காததா குடு" என்பார். அம்மா அதைவிட நீளமாகத் திட்டுவார். ஆட்டோக்காரர் வெள்ளைக்காரரிடம், "ஷீ வெரி ஹாப்பி சார்" என்பார். இருவரும் திருப்தியாகப் பிரிவார்கள். நடுவில் என்ன நடந்தது என்பது ஆட்டோக்காரருக்கு மட்டும் தெரியும்.

ஓ.ஆர்.எம். அந்த ஆட்டோக்காரர். நாங்கள் எழுதும் நிரலில் குடும்பம், தலைவர், மகன், மருமகள் என்று மனிதர்களாகப் பேசுவோம். டேட்டாபேஸுக்கு மனிதர் தெரியாது. கட்டம் போட்ட அட்டவணையும் வரிசைகளும்தான் தெரியும். நாங்கள் 'இந்தக் குடும்பத்தைச் சேமி' என்றால், அந்தக் கருவி அதை டேட்டாபேஸின் பாஷைக்கு மாற்றி, எந்த வரிசையில் எதை எழுத வேண்டுமோ எழுதிவிட்டு வரும். யார் யாரைச் சேர்ந்தவர் என்று முதலில் ஒருமுறை அதற்குச் சொல்லிக் கொடுத்தால் போதும். புரோகிராமர் சொல்லிக் கொடுத்தார். அவர் சொல்லிக் கொடுத்தது, அவருடைய கிராமத்தில் ரேஷன் கார்டு எப்படி இருக்குமோ அப்படி. குடும்பம் என்றால் தலைவர். மற்றவர்கள் தலைவரைச் சார்ந்தவர்கள்.

முதல் நாள் பட்டியல் எடுத்தபோதே ஒரு சிக்கல். திரையில் மணற்கடிகாரம் சுற்றிக்கொண்டே இருந்தது. குருக்கள் ஒரு காபி குடித்து முடித்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "என்ன தம்பி பண்றது அது?" என்றார்.

"ஒவ்வொரு குடும்பத்துக்கா போயி, உங்க வீட்டுல யார் யார் இருக்காங்கன்னு கேட்டுட்டு வருது சாமி."

"நானூறு ஆத்துக்கும் தனித்தனியாவா? ஒரே தடவையா கேக்கப்படாதா?"

"கேக்கும் சாமி. இப்ப அது லேசி லோடிங்ல இருக்கு. தேவைப்படுறப்பதான் எடுக்கும்."

"லேசின்னா சோம்பேறிதானே? பேரையே அப்படி வெச்சுண்டு வேலை நடக்கலேன்னா எப்படி?"

புரோகிராமர் புத்தகத்தைப் புரட்டி, ஒரு வார்த்தையை மாற்றினார். பட்டியல் ஒரே மூச்சில் வந்தது. குருக்களுக்கு அன்றைக்கு ஏற்பட்ட மரியாதை, செய்யாறுக்காரர் காலமாகும்வரை நீடித்தது.

தலைவரை எடுத்தால் அவரைச் சார்ந்தவர்களையும் எடுத்துவிடு என்று அந்தக் கருவியில் ஒரு அமைப்பு உண்டு. பயிற்சியில் அப்படித்தான் காட்டினார்களாம். அங்கே உதாரணம், ஒரு ஆர்டரும் அதிலுள்ள சாமான்களும். ஆர்டரே இல்லை என்றால் சாமான்கள் எதற்கு? சரிதான். செய்யாறுக் குடும்பம் சாமான் இல்லை என்பதுதான் விஷயம்.

அந்த ஏழு பேரை நோட்டைப் பார்த்து நான் மறுபடி தட்டினேன். ஆறு பேர் போதும் என்றுதான் நினைத்தேன். குருக்கள் தடுத்தார். நோட்டில் செத்துப்போனவர் பெயரை அவர் அடிப்பதே இல்லை. பெயரைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார். திதி வரும்போது மோட்ச தீபம் ஏற்றச் சொல்லிக் கேட்பார்கள் அல்லவா?

"அப்போ 'எடுங்கோ'ன்னு ஏன் சாமி சொன்னீங்க?"

"அர்ச்சனைலேர்ந்து எடுங்கோன்னேன். லோகத்துலேர்ந்து எடுங்கோன்னா சொன்னேன்?"

'காலமானார்' என்று ஒரு கட்டம் சேர்க்கலாம் என்றேன். பத்திரிகைப் புத்தி. புரோகிராமர் சேர்த்தார். அதோடு குடும்பம் வேறு, தலைவர் வேறு என்று பிரித்தார். தலைவரும் குடும்பத்தில் ஒரு உறுப்பினர், அவ்வளவுதான். இந்த மாற்றத்தில் நாலைந்து பேர் எந்தக் குடும்பத்திலும் ஒட்டாமல் தனியாக நின்றுவிட்டார்கள். அவர்கள் பெயரில் முகவரி இல்லாத கவர்கள் வந்தன. அவர்களை உரிய வீட்டில் சேர்த்துவிட்டு, இனி அப்படி யாரும் அலையக் கூடாது என்று புரோகிராமர் இன்னொரு அமைப்பைப் போட்டார். எந்தக் குடும்பத்திலும் இல்லாதவரை அந்தக் கருவியே நீக்கிவிடும். அந்த அமைப்பின் பெயர், தமிழில் சொன்னால், 'அநாதைகளை அழி'.

"பேரு ஒரு மாதிரி இருக்கே" என்றேன்.

"டெக்னிக்கல் பேரு மேடம். பயப்படாதீங்க."

இரண்டு மாதம் ஒரு புகாரும் இல்லை. குருக்களே மவுஸ் என்கிற எலியைப் பிடித்து ஓட்டப் பழகிவிட்டார். எதிர் சாரிப் பங்காளி ஒருநாள் எங்கள் கடைக்குள் எட்டிப் பார்த்து, "என்னண்ணா, பெட்டி நன்னா மந்திரம் சொல்றதா?" என்றார். "உன்னைவிட ஸ்பஷ்டமா சொல்றதுடா" என்றார் குருக்கள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பிறகு ஒரு மத்தியானம் அவருடைய கைப்பேசி எங்கள் கடையில் வைத்து ஒலித்தது. ஆரணியிலிருந்து ஓர் அம்மாள். அவர் குரலுக்கு ஸ்பீக்கர் தேவைப்படவில்லை.

"சாமி, பொண்ணுக்குக் கல்யாணமாகி மொதல் நட்சத்திரம், போன வாரம் வந்துச்சு. உங்க கவர் வரலையே! அவ மாமியார் வீட்டுக்கு அவங்க குருக்கள்கிட்டேர்ந்து வந்துடுச்சாம். அதுல இவ பேரும் இருக்குதாம். உங்க எதிர் வீட்டு சாமிதானாமே?"

குருக்கள் எழுந்து நின்றுவிட்டார்.

"தபால்ல சித்த நேரமாயிருக்கும்மா. வந்துடும்."

"இல்ல சாமி, எங்க வீட்டுக்காரர் சொல்றாரு, பேசாம நாமளும் அங்கேயே எழுதி வெச்சிடலாமா, ரெண்டு வீட்டுக்கும் ஒரே எடமா இருக்கும்னு. நான்தான், இருங்க, சாமியைக் கேட்டுக்கறேன்னேன்."

"வந்துடும்மா. ரெண்டு நாள் பாருங்கோ."

தபால்மீது எந்தக் குற்றமும் இல்லை. கவரே போகவில்லை. ஏனென்றால் அந்தப் பெண் எங்கள் டேட்டாபேஸில் இல்லை.

என்ன நடந்தது என்பதைக் கண்டுபிடிக்க அரை மணி ஆனது. கல்யாணம் முடிந்ததும் குருக்கள், முறைப்படி, பெண்ணை அப்பா குடும்பத்திலிருந்து எடுத்திருக்கிறார். கல்யாணமானால் கோத்திரம் மாறிவிடும் அல்லவா? அடுத்து கணவன் குடும்பத்தில் சேர்க்க வேண்டும். அந்தக் குடும்பம் எதிர் சாரிப் பட்டியலில் இருந்தது. அவர்கள் கோத்திரம் இவருக்குத் தெரியாது. பங்காளியிடம் போய்க் கேட்பதை நினைத்தும் பார்க்க முடியாது. அப்புறம் பார்க்கலாம் என்று சேமித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். பிறந்த வீட்டிலும் இல்லை, புகுந்த வீட்டிலும் இல்லை என்று கருவி பார்த்தது. அநாதை என்று முடிவு செய்தது. அழித்துவிட்டது. அதற்குச் சொல்லிக் கொடுத்ததைத்தான் அது செய்தது.

"நோட்டில் இருக்குமே சாமி?" என்றேன்.

குருக்கள் நோட்டைத் திறந்து காட்டினார். ஆரணிப் பக்கத்தில், இரண்டு மகன்களுக்குக் கீழே, ஒரு வரி வெறுமையாக இருந்தது.

"பொண் குழந்தைகளைப் பென்சில்லதாம்மா எழுதறது. கல்யாணமானா ரப்பரால அழிச்சுட்டுப் புது ஆத்துல பேனாவால எழுதணும். கம்ப்யூட்டர்ல மாத்தியாச்சேன்னு அன்னிக்கே இங்கே அழிச்சுட்டேன்."

எனக்கு அப்போதுதான் பென்சில் புரிந்தது. நோட்டில் நான் மை தீர்ந்ததாக நினைத்த ஒவ்வொரு பெயரும் ஒரு மகள்.

டேட்டாபேஸுக்கு வாராவாரம் எடுத்த பிரதி இருந்தது. அதே பென் டிரைவில், பழையதன் மேலேயே. அதிலும் அவள் இல்லை. குருக்களுக்குப் பெண்ணின் பெயர் ஞாபகம் இருந்தது, நட்சத்திரம் இல்லை. துண்டுச் சீட்டில் நட்சத்திரம் போட்டாக வேண்டும். அம்மாளிடமே கேட்கலாம்தான். கேட்டால், பிறந்த நாளிலிருந்து அர்ச்சனை செய்த பெண்ணின் நட்சத்திரமே இவரிடம் இல்லை என்று தெரிந்துவிடும். அந்த நிமிடமே ஆரணிக் குடும்பம் தெருவைத் தாண்டி எதிர் சாரியில் நிற்கும்.

புரோகிராமர் சுவரிலிருந்த தினசரிக் காலண்டரை எடுத்துவந்து போன வார நாட்களைக் கணக்கிட்டார். "போன வாரம்னு சொன்னாங்கல்ல சாமி. அப்ப ஏழு நட்சத்திரத்துல ஒண்ணுதான். ஏழு கவர் போட்டுடலாமா? ஒண்ணு கண்டிப்பா சரியா இருக்கும்."

"ஒரு பொண்ணு ஏழு நட்சத்திரத்துல பொறப்பாளா தம்பி?"

"இல்ல சாமி, ஜாஸ்தியா போனாலும் பரவாயில்லன்னு..."

குருக்கள் அவரைப் பார்த்த பார்வையில் அந்த யோசனை அங்கேயே முடிந்தது.

நான் நோட்டை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். பிழை திருத்துகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அழித்து எழுதிய இடத்தைக் கண்டால் தாளைச் சாய்த்துப் பார்ப்போம். குருக்கள் அழுத்தி எழுதுகிறவர். பென்சில் போய்விட்டது, பள்ளம் போகவில்லை. சாயங்கால வெயில் சந்துக்குள் சரிவாக வந்துகொண்டிருந்தது. நோட்டைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி மெதுவாகத் திருப்பினேன். முதலில் பெயர் எழுந்தது. அதற்கு எதிரே, கொஞ்சம் தள்ளி, 'விசாகம்'.

"விசாகம்" என்றேன்.

புரோகிராமர் காலண்டர் தாளைப் பார்த்தார். "வியாழக்கெழம! ஏழுல இருக்குது!"

குருக்கள் நோட்டை வாங்கி, தெரியாத கண்ணால் தானும் சாய்த்துப் பார்த்தார். "ஆமாமா, விசாகந்தான். எனக்கும் மனசுல அப்படித்தான் இருந்தது" என்றார். நாங்கள் மறுக்கவில்லை.

புரோகிராமர் முதல் காரியமாக அந்த 'அநாதைகளை அழி' அமைப்பைத் தூக்கினார். பிறகு பெண்ணின் பெயரைத் தட்டி, விசாகம் போட்டு, முகவரியைக் குருக்களுக்கு வந்திருந்த கல்யாணப் பத்திரிகையிலிருந்து எடுத்து எழுதி, சேமி என்று அழுத்தினார். சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது. குடும்பம் காலியாக இருக்கக் கூடாது.

"அப்பா குடும்பத்துலயே திரும்பப் போட்டுடட்டுமா சாமி?"

"கூடாது. கோத்திரம் மாறியாச்சு."

"புருஷன் குடும்பம்?"

"அது அவன் லிஸ்ட்."

புரோகிராமர் புத்தகத்தைப் பார்த்தார். புத்தகத்தில் இதற்கு வழி இல்லை. குருக்கள் மின்விசிறிக்குக் கீழே கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"சந்நிதியில வந்து நிக்கறவா, கோத்திரம் தெரியாதுன்னா என்ன சொல்வோம்? சிவகோத்திரம்னு சொல்வோம். அப்படி ஒரு குடும்பம் போடு தம்பி."

"குடும்பத் தலைவர் பேரு கேக்குது சாமி."

"அண்ணாமலையார்."

"துணைவியார்?"

"உண்ணாமுலை அம்மன். கேள்வியைப் பாரு."

"பிறந்த நட்சத்திரம்?"

குருக்கள் கண்ணைத் திறந்தார். "அவருக்குப் பொறப்பு ஏதுடா? காலியா விடு."

காலியாக விட அது சம்மதிக்கவில்லை. கடைசியில் நட்சத்திரம் கட்டாயமில்லை என்று புரோகிராமர் மாற்றினார். மற்றவர்களுக்கெல்லாம் கட்டாயம் என்று இருந்த ஒன்று, ஒருவருக்காக ஊருக்கே தளர்ந்தது. பிறகு சேமி என்று அழுத்தினார். ஏற்றுக்கொண்டது. கூடவே, என் யோசனைப்படி, 'பென்சில்' என்று ஒரு கட்டமும் சேர்ந்தது. இன்னும் கல்யாணமாகாத மகள்களுக்கு அதில் ஒரு டிக். டிக் உள்ள பெண்ணை ஒரு வீட்டிலிருந்து எடுத்தால், அடுத்த வீடு வரும்வரை சிவகோத்திரத்தில் இருப்பாள்.

அன்று மாலையே குருக்கள் கோயிலுக்குப் போய் அர்ச்சனையை முடித்து, மறுநாள் காலைத் தபாலில் கவரைச் சேர்த்தார். அப்புறம் இரண்டு நாள் எங்கள் கடைக்கே வந்து கைப்பேசியை மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றுதானே என்றதற்கு, இங்கே ஒலி நன்றாகக் கேட்கிறது என்றார்.

ஆரணி அம்மாளுக்கு முன்னால் வந்தவர் பங்காளி. கதவை முழுக்கத் திறந்துகொண்டே வந்தார்.

"அண்ணா, அந்த ஆரணிப் பொண்ணுக்கு நீ கவர் அனுப்பினியாம். அவ இப்போ என் லிஸ்ட்டு."

"என் லிஸ்ட்டுலயும் இருக்காளே."

"எப்படி இருப்பா? பொறந்தாத்துல எடுத்தாச்சு. புக்காம் என்கிட்ட. உன்கிட்ட எந்தக் குடும்பத்துல இருக்கா?"

குருக்கள் எலியை நகர்த்தி, திரையை அவர் பக்கம் திருப்பினார். பங்காளி குனிந்து படித்தார். குடும்பத் தலைவர் பெயரைப் படித்ததும் அவருடைய கை தானாகக் கன்னத்துக்குப் போய்விட்டது. போட்டபிறகுதான் கோபம் வந்தது.

"இது அநியாயம்ணா."

"தலைவர்கிட்ட போய்ச் சொல்லு. நேரா நடந்தா அஞ்சு நிமிஷம்."

பங்காளி போனபிறகு புரோகிராமர் மெதுவாக ஒரு சந்தேகம் கேட்டார். அந்தக் குடும்பத்துக்கும் பக்கத்தில் 'நீக்கு' பொத்தான் இருக்கிறது, எடுத்துவிடலாமா என்று. "இருக்கட்டுமே" என்றார் குருக்கள். "தைரியமிருந்தா யாராவது அமுக்கிப் பாக்கட்டும்." அன்று இரவு அவர் வீட்டுக்குப் போனதும் புரோகிராமர் பொத்தானை எடுத்துவிட்டார்.

ஆரணியிலிருந்து போன் அன்று சாயங்காலமே வந்தது. குருக்கள் மூன்றாவது மணி ஒலிக்கும்வரை விட்டு, அவசரமில்லாதவர் போல எடுத்தார்.

"வந்துடுச்சு சாமி! பொண்ணு போன் பண்ணா. உங்களுது ஒண்ணு, எதிர் வீட்டு சாமிது ஒண்ணு, ரெண்டு கவரும் இருக்குதாம். நாங்க எங்கேயும் மாறல சாமி, உங்ககிட்டயே இருக்கோம்."

"அண்ணாமலையார் கிருபைம்மா" என்றார். பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "ரெண்டுல எந்த விபூதி வாசனையா இருந்துதாம்?" என்று கேட்டார்.

"அதை எங்க சாமி பாக்கறது! அவ மாமியார் ரெண்டையும் ஒரே டப்பால கொட்டிட்டாங்களாம்."